எரிந்த ஊரின் குழாய்த் தண்ணீர்: சாண்டா ரோசாவிலும் பாரடைஸிலும் பென்சீனைத் தேடிய கதை

2017 அக்டோபர் 8ஆம் தேதி இரவு கலிபோர்னியாவின் காலிஸ்டோகா ஊருக்குப் பக்கத்தில் பிடித்த காட்டுத்தீ, விடிவதற்குள் மலையிறங்கி சாண்டா ரோசா நகரத்துக்குள் வந்துவிட்டது. டப்ஸ் தீ என்று அதற்குப் பெயர். 22 பேர் இறந்தார்கள். 5,600க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. நகரின் மேட்டுப் பகுதியான ஃபவுண்டன்குரோவில் தெருத் தெருவாக வீடுகள் சாம்பலாயின. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகள்தான் தப்பின.

தீ அடங்கி, தண்ணீரும் மின்சாரமும் திரும்ப வந்தபின், தப்பிய வீடுகளுக்கு ஆட்கள் குடிவரத் தொடங்கினார்கள். நவம்பரில் அந்தப் பகுதியில் குடியிருந்த ஒருவர், குழாய்த் தண்ணீரில் ஏதோ வாடை அடிக்கிறது, ருசியும் சரியில்லை என்று நகர நீர்த்துறையிடம் புகார் சொன்னார். துறை மாதிரி எடுத்துப் பரிசோதித்தது. தண்ணீரில் பென்சீன் இருந்தது.

பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது பல பத்தாண்டுகளாகவே தெரிந்த விஷயம். குடிநீரில் அதற்கு அமெரிக்க மத்திய அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கலிபோர்னியாவின் வரம்பு இன்னும் கறாரானது, லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஆய்வுக்கூடத்தில் இதை ஒரு பிபிபி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு என்பார்கள். இது எவ்வளவு சிறிய அளவு என்பதை மனதில் வாங்க ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சொட்டு பென்சீனின் எடை சுமார் 44 மில்லிகிராம். அந்த ஒரே சொட்டு 44,000 லிட்டர் தண்ணீரைக் கலிபோர்னியா வரம்பில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

ஆனால் நாக்குக்குப் பென்சீனின் ருசி தட்டுப்பட லிட்டருக்கு சுமார் 500 மைக்ரோகிராமாவது வேண்டும். சட்ட வரம்புக்கும் நாக்கின் வரம்புக்கும் இடையில் பல நூறு மடங்கு இடைவெளி இருக்கிறது. இந்த இடைவெளிக்குள் விழுந்த வீடுகளில் யாருக்கும் எந்த வாடையும் வந்திருக்காது, யாரும் புகாரும் செய்திருக்க மாட்டார்கள். ஒரு நகரத்தின் பாதுகாப்பு ஒரே ஒருவருடைய மூக்கில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் பகீரென்கிறது.

அடுத்தடுத்து எடுத்த மாதிரிகளில் ஒன்று லிட்டருக்கு 40,000 மைக்ரோகிராம் வரை போனது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு கழிவிலிருந்து கசியும் நீரில் லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் பென்சீன் இருந்தாலே அது அபாயகரமான கழிவு என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். அதைப் போல எண்பது மடங்கு பென்சீன், குடிநீர்க் குழாய்க்குள் இருந்தது.

குழாய்க்குள் எப்படி வந்தது?

தண்ணீரில் பென்சீன் என்றால் எவருக்கும் முதலில் தோன்றுவது பெட்ரோல்தான். நிலத்தடித் தொட்டி கசிந்திருக்கலாம், எரிந்த காரிலிருந்து இறங்கியிருக்கலாம். ஆனால் பெட்ரோல் கசிந்த தண்ணீரில் டொலுவீன், சைலீன் போன்றவையும் தூக்கலாக இருப்பது வழக்கம். பிளாஸ்டிக்கும் மரமும் எரிந்த இடத்திலோ பென்சீன் முன்னால் நிற்கும், கூடவே ஸ்டைரீனும் நாப்தலீனும் வரும். எந்தப் பொருள் இருக்கிறது என்பதோடு எது எதனோடு சேர்ந்து வருகிறது என்பதையும் பார்த்தால்தான் அது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடியும்.

தெருவின் அடியில் போகும் மெயின் குழாய் பல அடி ஆழத்தில் இருக்கும். அவ்வளவு ஆழத்துக்குத் தீயின் சூடு எளிதில் இறங்காது. மெயினிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பிரியும் இணைப்புக் குழாய்தான் பலவீனமான இடம். பல ஊர்களில் அது எச்.டி.பி.இ. எனும் கறுப்புப் பாலிஎதிலீன் குழாய். அது மேலேறி வந்து மீட்டர் பெட்டியில் சேரும். பெட்டியும் பிளாஸ்டிக், மூடியும் பிளாஸ்டிக், உள்ளே இருக்கும் வாஷர், கேஸ்கெட் எல்லாமே பிளாஸ்டிக்கோ ரப்பரோதான். அதற்கப்புறம் வீட்டுக்குள் பிவிசியும் மற்றக் குழாய்களும் ஓடுகின்றன. வீடு எரியும்போது இவையெல்லாம் உருகும், கருகும், வாயுவாகும். பிவிசியைச் சூடாக்கினால் முதலில் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். மிஞ்சும் கார்பன் சங்கிலி தன்னைத்தானே வளைத்துக்கொண்டு வளையமாகும். அந்த வளையம்தான் பென்சீன்.

சரி, வெளியே எரிந்தது உள்ளே வந்தது எப்படி? அதற்குத் தண்ணீர் அழுத்தத்தைப் பார்க்கவேண்டும். எரிந்து விழுந்த ஒவ்வொரு வீடும் திறந்து கிடக்கும் குழாய்க்குச் சமம். நூற்றுக்கணக்கான இடங்களில் தண்ணீர் ஒரே நேரத்தில் பீறிட்டுக்கொண்டிருக்க, தீயணைப்பு வண்டிகளும் இழுத்துக்கொண்டிருக்க, மேட்டுத் தொட்டிகள் வற்றிப்போகும். மேட்டில் இருக்கும் குழாய்களில் அழுத்தம் பூஜ்யமாகி, தண்ணீர் பள்ளத்தை நோக்கி இறங்கும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம் உடைந்த வாய்கள் வழியாகப் புகையையும் கரியையும் உருகிய பிளாஸ்டிக்கின் ஆவியையும் உறிஞ்சிக்கொள்ளும். குழாயே கருகிப் பென்சீனைக் கக்கியதா, வெளிப்புகை உள்ளே போனதா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் நடந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பாலிஎதிலீனும் பென்சீனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் ஹைட்ரோகார்பன்கள். தண்ணீரில் இருக்கும் பென்சீன் குழாயின் சுவருக்குள்ளேயே கரைந்து இறங்கிவிடும். பூண்டு ஊறுகாய் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் மூடித் திறந்தால் வாடை வருகிறதல்லவா, அதே கதைதான். சுத்தமான தண்ணீரை ஓடவிட்டால் அந்த நேரத்துக்குத் தண்ணீர் சுத்தமாக இருக்கும். நிறுத்தினால் சுவருக்குள் இருப்பது மெல்ல மெல்லத் திரும்பி வெளியே வரும். தீயே தொடாத நல்ல குழாய்கூட, பக்கத்து வீட்டிலிருந்து வந்த அழுக்குத் தண்ணீர் சில நாள் உள்ளே நின்றிருந்தால், அடுத்த பல மாதங்களுக்கு அதுவே ஒரு புது ஊற்றாகிவிடும்.

சாண்டா ரோசா நிர்வாகம் பாதிக்கப்பட்ட பகுதியின் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று அறிவித்தது. முழு அமைப்பையும் தோண்டி மாற்றினால் 4 கோடியே 30 லட்சம் டாலர் ஆகும் என்று முதலில் மதிப்பிட்டார்கள். பிறகு தொடர்ந்து மாதிரி எடுத்து எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று வரைபடம் போல ஆக்கிக்கொண்டதால், வீட்டு இணைப்புகளை மாற்றுவதும் மெயினில் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுவதுமே பெரும்பாலும் போதுமானது என்று தெரிந்தது. 2018 அக்டோபரில், தீ நடந்து ஓராண்டு கழித்து, அறிவிப்பை எடுத்தார்கள். ஒழுங்காகச் செய்த பரிசோதனை எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அறிவிப்பு எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அடுத்தது வந்தது.

பாரடைஸ்

2018 நவம்பர் 8 காலை, வட கலிபோர்னியாவில் புல்கா என்ற சிற்றூருக்கு அருகே உயர் அழுத்த மின்கம்பியிலிருந்து பிடித்த கேம்ப் தீ, சில மணி நேரத்தில் பாரடைஸ் ஊரையே விழுங்கியது. 85 பேர் மாண்டார்கள். 18,800 கட்டடங்கள் போயின. 26,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் அது. தண்ணீர் கொடுத்தது பாரடைஸ் நீர்ப்பாசன மாவட்டம் என்ற பொது அமைப்பு. சுமார் 10,500 இணைப்புகளும் 170 மைலுக்கு மேற்பட்ட மெயின் குழாயும் அதன் பொறுப்பில் இருந்தன. சுத்திகரிப்பு நிலையம் தப்பிவிட்டது. அங்கிருந்து நல்ல தண்ணீர்தான் கிளம்பியது. வழியில்தான் கெட்டுப்போனது.

சாண்டா ரோசா அனுபவம் இல்லாவிட்டால் இங்கே பென்சீனைத் தேட யாருக்கும் தோன்றியிருக்காது. தீக்குப் பிறகு குடிநீர் அமைப்புகள் வழக்கமாகப் பார்ப்பது கிருமிகளைத்தான். அழுத்தம் போன குழாயில் மண்ணும் கிருமியும் புகுந்திருக்கும் என்பதால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவிப்பு கொடுப்பார்கள். கிருமிக்கு அது சரியான வழி. பென்சீனுக்கோ நேர்மாறான வழி. கொதிக்க வைத்தால் அது ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும், குடிப்பதற்குப் பதில் மூச்சில் போகும். மூடிய குளியலறையில் வெந்நீர் ஷவரில் நிற்பதும் அப்படித்தான். ஆகவே எந்தப் பொருள் இருக்கிறது என்று தெரியாமல் கொடுக்கும் அறிவுரையே ஆபத்தாக முடியலாம்.

பாரடைஸில் எடுத்த மாதிரிகளில் லிட்டருக்கு 2,217 மைக்ரோகிராமுக்கும் மேலே பென்சீன் கிடைத்தது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வெல்டன் தன் குழுவோடு அங்கே போய் நீர்த்துறைக்கும் மக்களுக்கும் உதவினார். கெய்ட்லின் பிராக்டர் முதன்மை ஆசிரியராக 2020இல் அந்தக் குழு வெளியிட்ட ஆய்வுதான் இந்த இரண்டு ஊர்களின் தரவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. பென்சீன் தவிர ஸ்டைரீன், டொலுவீன், நாப்தலீன், வினைல் குளோரைடு, மெத்திலீன் குளோரைடு ஆகியவையும் வரம்புகளைத் தாண்டியிருந்தன. வெறும் தண்ணீரை ஓடவிட்டே பிளாஸ்டிக் இணைப்புக் குழாய்களைச் சுத்தம் செய்வதென்றால் மாதக் கணக்கில் ஆகும் என்பதும் அதில் வந்த கணக்கு.

குப்பியில் பிடிப்பதற்கு முன்னால்

இந்த நிகழ்வு முழுவதிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மாதிரி எடுக்கும் விதம்தான். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் கருவி அருமையானது. தண்ணீருக்குள் ஹீலியம் வாயுவைக் குமிழியாகச் செலுத்தி, எளிதில் ஆவியாகும் பொருள்களை வெளியேற்றி, ஒரு பொறியில் பிடித்து, சூடாக்கி, மெல்லிய நீண்ட குழலுக்குள் அனுப்பி ஒவ்வொன்றாகப் பிரித்து, நிறை நிறமாலைமானியில் எடை பார்த்து அடையாளம் காண்பார்கள். பென்சீன் 78 என்ற எண்ணில் தலைகாட்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 524.2 என்ற முறை இதற்கென்றே உள்ளது. லிட்டருக்கு அரை மைக்ரோகிராம் வரைக்கும் நம்பிச் சொல்லலாம். ஆனால் கருவி தன்னிடம் வந்த குப்பியைப் பற்றி மட்டுமே சொல்லும். குப்பியில் எந்தத் தண்ணீர் வந்தது என்பது, அந்த வீட்டு வாசலில் குழாயைத் திறந்தவர் கையில் இருக்கிறது.

முதலில் குப்பி. 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் பூசிய அடைப்போடு. பிளாஸ்டிக் பாட்டிலில் பிடிக்கவே கூடாது. பாட்டிலின் சுவரே பென்சீனை உறிஞ்சிக்கொள்ளும், அல்லது தன்னிடமிருந்து ஏதாவது கொடுத்துவிடும். குளோரினைச் செயலிழக்க வைக்க அஸ்கார்பிக் அமிலம் குப்பியில் முன்பே இருக்கும். தண்ணீர் நிரப்பும்போது கிருமிகள் பென்சீனைத் தின்றுவிடாமலிருக்கச் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பார்கள். குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டு, மெல்லிய தாரையாக, நுரைக்காமல் குப்பியின் ஓரமாக வழியவிட வேண்டும். விளிம்புக்கு மேல் தண்ணீர் குவிந்து நிற்கும் அளவுக்கு நிரப்பி, மூடியைப் போட்டு இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு சின்னக் காற்றுக்குமிழ் மேலேறினாலும் அந்தக் குப்பி செல்லாது. பென்சீன் அந்தக் குமிழுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், தண்ணீரில் அளவு குறைந்துபோகும். பிறகு பனிக்கட்டியில் வைத்து, 14 நாளுக்குள் பரிசோதித்தாக வேண்டும். கூடவே ஆய்வுக்கூடத்திலிருந்தே நிரப்பிக் கொண்டுவந்த சுத்தநீர்க் குப்பி ஒன்று, திறக்கப்படாமல் அதே பெட்டியில் போய் வரும். அதில் பென்சீன் தென்பட்டால் வழியில் ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டி பெட்ரோல் போட்டுக்கொண்ட இடத்தில்கூட அது நடக்கலாம்.

இதையெல்லாம் நல்ல ஆய்வுக்கூடம் எதுவும் சரியாகவே செய்யும். தப்பு நடப்பது இதற்கும் முந்திய ஒரு கட்டத்தில். மாதிரி எடுக்குமுன் குழாயை ஐந்து நிமிடம் ஓடவிடு என்பது கிருமிப் பரிசோதனை செய்து பழகியவர்களின் கைப்பழக்கம். குழாய் முனையில் இருக்கும் அழுக்கைத் தள்ளிவிட்டு மெயினில் வரும் தண்ணீரைப் பிடிப்பதுதான் அங்கே நோக்கம். இங்கே அந்தப் பழக்கம் என்ன செய்யும் என்று பாருங்கள். 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள இணைப்புக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 15 மீட்டர் நீளக் குழாயில் மொத்தமே ஏழரை லிட்டர்தான். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வீதம் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் ஐம்பது லிட்டர் போய்விடும். குழாய்ச் சுவரோடு இரவெல்லாம் ஒட்டிக்கிடந்த தண்ணீர் முதல் ஒரு நிமிடத்திலேயே சாக்கடைக்குப் போயிருக்கும். குப்பியில் வந்து விழுவது மெயின் குழாயிலிருந்து அப்போதுதான் கிளம்பிவந்த தண்ணீர். அறிக்கையில் பென்சீன் இல்லை என்று வரும், அது பொய்யும் இல்லை. அந்த வீட்டில் காலையில் எழுந்ததும் காபிக்குப் பிடிக்கும் தண்ணீரைப் பற்றி மட்டும் அது ஒன்றுமே சொல்லாது.

அதனால்தான் பாரடைஸில் தண்ணீரைக் குறைந்தது 72 மணி நேரம் அசையாமல் குழாயில் நிற்கவிட்டு, பிறகு முதலில் வரும் தண்ணீரைப் பிடிக்கும் முறைக்கு வந்தார்கள். மூன்று நாள் யாரும் அந்தக் குழாயைத் திறக்கக்கூடாது. சுவருக்குள் இருப்பது தண்ணீருக்குத் திரும்ப அவ்வளவு நேரம் கொடுக்கவேண்டும். எல்லா வீட்டிலும் இது எளிதில்லை. பிள்ளை குட்டியோடு குடியிருக்கும் வீட்டில் மூன்று நாள் குழாயைத் திறக்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அதைச் செய்ய வைப்பதற்கு வீடு வீடாகப் போய்ப் பேசிப் புரியவைக்கும் ஆட்கள் வேண்டும், மாற்றுத் தண்ணீர் வேண்டும். பரிசோதனைச் செலவு என்று கணக்கெழுதும்போது இந்த ஆள்கூலியையும் லாரித் தண்ணீரையும் சேர்த்து எழுதாத திட்டங்கள், கடைசியில் அவசர அவசரமாக ஓடவிட்டுப் பிடித்த மாதிரிகளில்தான் போய் முடியும்.

இன்னொன்று. ஒருமுறை சுத்தம் என்று வந்த குழாய் மறுமுறையும் சுத்தமாக வருகிறதா என்று பார்க்கவேண்டும். சுவருக்குள் இருந்து மெல்ல வெளியேறும் பொருளுக்கு ஒரே ஒரு நாளின் எண் போதாது. வெயில் காலத்தில் குழாய் சூடாகும்போது அது வேகமாக வெளியேறும், குளிரில் மந்தமாகும். டிசம்பரில் எடுத்த நல்ல அறிக்கையை ஜூலையிலும் நம்பிக்கொண்டிருப்பது சரியல்ல.

பென்சீன் மட்டும் பார்த்தால் போதுமா?

இந்தக் கேள்வியில் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் வேறு வேறு பக்கம் நின்றார்கள். பென்சீன்தான் மிக அதிகமாகவும் மிகப் பரவலாகவும் கிடைத்தது. அதனால் அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம், அது இல்லையென்றால் மற்றவையும் இருக்காது என்பது ஒரு தரப்பு. பிராக்டர் குழுவின் ஆய்வு அதை ஏற்கவில்லை. பென்சீன் வரம்புக்குள் இருந்தும் வேறொரு பொருள் வரம்பைத் தாண்டிய மாதிரிகள் இருந்தன. இருந்தாலும் 2023இல் கலிபோர்னியா கொண்டுவந்த சட்டம் காட்டுத்தீக்குப் பிறகு குடிநீர் அமைப்புகள் பென்சீனுக்குப் பரிசோதிக்க வேண்டும் என்று பென்சீனை மட்டும்தான் பெயர் சொல்லிக் கேட்கிறது.

சட்டம் வந்ததே பெரிய விஷயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பென்சீனோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. 524.2 முறையில் ஒரே ஓட்டத்தில் 84 பொருள்களைப் பார்க்கமுடியும். அதே குப்பி, அதே கருவி, அதே அரை மணி. பென்சீனை மட்டும் கேட்டால் அதை மட்டும் அறிக்கையில் எழுதித் தருவார்கள், மற்றவற்றை அளக்காமல் விட்டுவிடுவார்கள். முழுப் பட்டியலையும் கேட்டு வாங்குவதற்குச் செலவு கொஞ்சம் கூடும்தான். ஒரு ஊரின் பெரும்பகுதி எரிந்து, மிச்சமிருக்கும் குடும்பங்கள் திரும்பி வரலாமா என்று காத்திருக்கும்போது அந்தக் கூடுதல் செலவைப் பார்ப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை.

எந்தெந்தப் பொருளைத் தேடவேண்டும் என்பதற்கு 2021இல் பர்டியூ குழு ஆய்வுக்கூடத்தில் செய்த வேலை நல்ல துணை. எச்.டி.பி.இ., பெக்ஸ், பாலிபுரொப்பிலீன், பிவிசி, சிபிவிசி என்று கடையில் கிடைக்கும் 11 வகைக் குடிநீர்க் குழாய்களை எடுத்து 200 முதல் 400 டிகிரி வரை சூடாக்கினார்கள். நெருப்பில் காட்டவில்லை, சூடு மட்டும்தான். பிறகு ஆறவைத்துத் தண்ணீரில் போட்டார்கள். 11இல் 10 வகை தண்ணீருக்குள் பென்சீனை விட்டன. குழாய் பற்றி எரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, பக்கத்தில் எரிந்த சூடு போதும் என்பது இதில் வந்த பெரிய பாடம். வீடு தப்பியது, வாசலில் குழாயும் உருகவில்லை, ஆகவே தண்ணீர் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு இதற்குப்பின் இடமில்லை.

பிறகு வந்த தீக்களில்

2021 டிசம்பர் 30 அன்று கொலராடோ மாநிலத்தில் லூயிவில், சுப்பீரியர் ஊர்களில் மார்ஷல் தீ ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை எரித்தது. தொட்டிகள் வற்றத் தொடங்கியபோது லூயிவில் நீர்த்துறை ஊழியர்கள் சுத்திகரிக்காத ஏரித் தண்ணீரையே குழாயில் திறந்துவிட்டார்கள். தீயணைக்கத் தண்ணீர் வேண்டும் என்பது அவர்கள் முன் நின்ற அவசரம். ஆனால் குழாயில் அழுத்தம் போகாமல் இருந்ததால் புகையும் கரியும் உள்ளே உறிஞ்சப்படுவதும் குறைந்திருக்கும். ஏரித் தண்ணீரில் வரும் கிருமிக்குக் கொதிக்க வைக்கும் அறிவிப்பும் குளோரினும் மருந்து. பென்சீன் குழாய்ச் சுவரில் ஏறிவிட்டால் அவ்வளவு சுலபமான மருந்து கிடையாது. இரண்டு கேட்டில் எந்தக் கேடு சிறியது என்று அந்த இரவில் முடிவெடுத்த ஊழியர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். எரிந்த தெருக்களின் வால்வுகளையும் சீக்கிரமே மூடிப் பிரித்தார்கள். பென்சீன் சில இடங்களில் கிடைத்தாலும் ஊர் முழுக்கப் பரவவில்லை.

2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா எரிந்தபோது, இந்த ஊர்களின் அனுபவம் கைவசம் இருந்தது. தீ அடங்கிய சில நாளிலேயே குடிக்கவேண்டாம், கொதிக்கவும் வைக்கவேண்டாம் என்ற அறிவிப்பு வந்தது. எரிந்த பகுதி முழுவதற்கும் அதை எடுக்க ஏறத்தாழ ஓராண்டு ஆனது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பாலிசேட்ஸ் தீக்குப்பின் அந்தப் பகுதியின் குடிக்கக்கூடாது என்ற அறிவிப்பு மார்ச் 7 வரை நீடித்தது. அதே மாதம் ஈட்டன் தீ எரித்த, லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்து ஊரான அல்டடீனாவில் தண்ணீர் கொடுப்பவற்றில் சில, அந்தப் பகுதி வீட்டுக்காரர்களே பங்குதாரர்களாக இருக்கும் சிறு நிறுவனங்கள். பெரிய நகரத்துக்கு இருக்கும் ஆள்பலமும் பணபலமும் அவற்றுக்குக் கிடையாது. மாதிரி எடுக்கவேண்டிய இடங்களின் எண்ணிக்கை மட்டும் அதற்காகக் குறைந்துவிடாது.

இவ்வளவு நடந்தும் தீராமல் கிடக்கும் ஒரு விஷயம் மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நீர்த்துறையின் பொறுப்பு பெரும்பாலும் மீட்டரோடு முடிகிறது. வீட்டுக்குள் ஓடும் குழாய், வெந்நீர்த் தொட்டி, குளிர்பதனப் பெட்டிக்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழல், எல்லாம் வீட்டுக்காரர் பாடு. தெருவில் தண்ணீர் சுத்தம் என்ற அறிவிப்பு வந்த அன்றைக்கும் இவற்றின் சுவரில் பென்சீன் இருக்கலாம். கடையில் வாங்கும் கரி வடிகட்டியைப் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், அவை சான்றிதழ் பெற்றிருப்பது மிகக் குறைந்த அளவுகளுக்கு. லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் பென்சீன் இருக்கும் தண்ணீருக்கு அந்தச் சான்றிதழ் பேசாது.

ஆகவே திரும்பி வருகிறவர் தன் செலவில் பரிசோதனை செய்தால் சமையலறைக் குளிர்நீர்க் குழாயில் ஒரு மாதிரி, வெந்நீர்க் குழாயில் தனியாக ஒரு மாதிரி எடுக்கச் சொல்லலாம். வெந்நீர்த் தொட்டி பெரிய கொள்கலன் என்பதால் அதன் கதை வேறாக இருக்கும். அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணுக்கு முன்னால் மூன்று விவரங்களைத் தேடிப் பார்க்கவேண்டும்: தண்ணீர் எத்தனை மணி நேரம் குழாயில் நின்றது, பிடிப்பதற்கு முன் ஓடவிட்டார்களா, பட்டியலில் எத்தனை பொருள்களை அளந்திருக்கிறார்கள். இந்த மூன்றும் எழுதப்படாத அறிக்கையைத் திருப்பி அனுப்பி, எழுதித் தரச் சொல்லிக் கேட்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.